மெதுவாக வந்த மகள்

என் மகளின் அணியைத் தோற்கடித்தது நான்தான். அவளுடைய பயம் அல்ல. இதை இதுவரை எவரிடமும் நான் சொன்னதில்லை.

பல்கலைக்கழகங்களுக்கிடையிலான தேசியப் பனிச்சறுக்குப் போட்டி அது. டிலானி தன் பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் இருந்தாள். நால்வர் சறுக்குவார்கள், சிறந்த மூவரின் நேரத்தைக் கூட்டித்தான் அணிக்கு இடம். முதல் நாள் முடிவில் அவர்களே முன்னால் நின்றார்கள்.

நாங்கள் குடியிருக்கும் வெரிபீயிலிருந்து நானும் மலைக்குப் போயிருந்தேன். மறுநாள் காலை, வேறோர் அணிப் பெண்ணைப் தூக்குப்படுக்கையில் கட்டி இறக்கினார்கள். அவளுடைய கால் திரும்பியிருந்த விதம்!

டிலானி மலையுச்சிக்கு ஏற்றும் லிஃப்ட் வரிசையில் நின்றாள். ஓடிப்போய் என் செபமாலையை அவள் கையில் வைத்து அழுத்தினேன்.

"மெதுவா வருவன் எண்டு மாதா மேல சத்தியம் பண்ணு."

"மெதுவா வந்தா அது ரேஸே இல்லை அம்மா. எல்லாரும் பாக்கினம், விடுங்கோ!"

"பண்ணாட்டி விடமாட்டன்."

பண்ணினாள்.

அவள் சத்தியத்தை மீறமாட்டாள் என்று தெரிந்துதானே கேட்டேன்! அது பயமா, தந்திரமா? நீங்களே சொல்லுங்கள்.

அவள் அணியில் ஒருத்தி சறுக்கும்போது விழுந்துவிட்டாள். டிலானியின் நேரத்தைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும் என்றாயிற்று. முதல் நாள் அப்படிப் பாய்ந்து இறங்கியவள், அன்று பனியில் நட்டிருந்த ஒவ்வொரு கொடியையும் சுற்றி... மெல்ல... மெல்ல... வந்தாள்.

அணிகளின் முடிவில் அவர்களுக்கு நான்காம் இடம்.

அணித்தலைவி அழுதபடி என்ன நடந்தது என்று கேட்டாள். பயந்துவிட்டேன் என்றாள் டிலானி. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய தேநீர்க் குடுவையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

அடுத்த ஆண்டு அவளை அணியில் சேர்க்கவில்லை.

பூசை முடிந்து நின்றபோது ஓர் அங்கிள், "என்ன பிள்ளை, பனியைக் கண்டு நடுங்கிட்டீராம்?" என்று பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்... ஆம், நானும் சிரித்தேன்! டிலானி அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் எத்தனையோ பாவங்களைச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொல்ல நா எழவில்லை. மன்னிக்க வேண்டியவர் சுவாமியார் அல்லவே...

இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். ஒருநாள்கூட அதைப் பேசியதில்லை. கோபித்தாலாவது தாங்கிக்கொள்வேன். காலையில் கார்ச் சாவியை எடுத்ததும், நான் கேட்காமலே சொல்கிறாள்:

"மெதுவாத்தான் போவன், அம்மா."