கண்ணில்லாத ஈக்களின் முதலாளி

இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டிய நுண்ணோக்கியை டாக்டர் எவேலியோ புயித்ராகோ ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கிறார். மற்றது, அறைக்குள் யார் நுழைகிறார்கள் என்று கவனிப்பதற்கு. நுழைந்தவர் புதியவரானால் உடனே பாடம் தொடங்கிவிடும்.

"ஈயோ, இறாலோ, தேளோ, எல்லாத்துக்கும் கண்ணு வைக்கிறது ஒரே ஒரு ஜீன். அவன்தான் முதலாளி. அவன் படுத்துட்டா கடையே மூடல்."

பொகோட்டா நகரத்தில் பாதிப்பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். பக்கத்து மேசையில் சிலந்தி வளர்ப்பவன் நான். சிலந்தியின் கண்களில் அந்த முதலாளி அவ்வளவாகத் தலைகாட்டுவதில்லை என்று ஒருமுறை சொன்னேன். "சிலந்திக்கு என்னய்யா தெரியும்?" என்றார்.

சாட்சிக்கு அவரிடம் ஒரு குடும்பம் உண்டு. அந்த மரபணு பழுதாகி, கண்ணில்லாமல் பிறக்கும் பழ ஈக்கள். தலைமுறைதோறும் கண் அறவே இல்லாதவற்றைப் பொறுக்கி இணைசேர்க்க வேண்டும். அந்த வேலையை வேறு யாரும் தொடக் கூடாது. அவரும் இரண்டு வருடமாகத் தொடவில்லை. மாநாடுகள்.

ஒருநாள் புட்டியைத் திறந்தால் பாதி ஈக்கள் சிவப்புக் கண்ணோடு அவரைப் பார்த்தன.

குற்றவாளி உடனே கிடைத்துவிட்டாள்: சோளமாவும் வெல்லமும் காய்ச்சி ஈக்களுக்குச் சோறு போடும் ஒமைரா.

"வெளி ஈயை உள்ள விட்டுட்டியே! அடுத்த வருஷம் உனக்கு இங்க வேலை கிடையாது." புகார்க் கடிதம் தயாராகிக் கறுப்புக் காபிக் கோப்பைக்கு அடியில் கிடந்தது.

"மூடியத் திறந்தா நான் மூச்சுகூட விடமாட்டேன் டாக்டர். பொறுக்காம விட்டது நீங்க. முதலாளி படுத்துட்டா வேலைக்காரங்க சேர்ந்து கடையை நடத்திட்டுப் போறாங்க."

"பார்றா, கஞ்சி காய்ச்சுறவ பரிணாமம் பேசுறா!"

ஒமைரா கண் முளைத்த ஈக்களை வெளி ஈக்களோடு சேர்த்தாள், பிறந்தவற்றைத் தங்களுக்குள் சேர்த்தாள், காத்திருந்தாள். பேரப்பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று கண்ணில்லாமல் வந்தது. புட்டிக்குள் வெளி ஈ புகுந்து அதனால் கண் வந்திருந்தால், கண்ணில்லாதவை இத்தனை பிறந்திராது. கண் முளைத்த ஈக்களுக்குள்ளும் பழுது அப்படியேதான் இருந்திருக்கிறது. பொறுக்குவார் இல்லாத இரண்டு வருடத்தில் மற்ற மரபணுக்கள் கூடி ஒட்டுப்போட்டுக் கண் வைத்திருக்கின்றன.

தன் பெயரெழுதிய சீட்டு ஒட்டிய புட்டியைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள். "எண்ணிப் பாருங்க டாக்டர்."

எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"நான் எப்பவோ சொன்னதுதானே இது," என்றார்.

கடிதத்தை நாலாகக் கிழித்தார். பிறகு கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, புட்டியின் சீட்டில் ஒமைராவின் பெயரைத் தேய்த்து அழித்துவிட்டுத் தம் பெயரை எழுதினார்.