நான் சொன்ன ‘ரெஸ்ட்’

2020-ல் முதல் ஊரடங்கு வந்தபோது, ஆமத்தூர் பக்கம் நாலைந்து கிராமங்களுக்கு நான் சுகாதார செவிலியர். வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டிய கர்ப்பிணிகளை அந்த மாதங்களில் பெரும்பாலும் போனில்தான் விசாரித்தேன். காய்ச்சல் இருக்கிறதா, சத்து மாத்திரை போடுகிறாயா, வெளியூர் ஆள் யாரும் வந்தார்களா என்று மூன்று கேள்வி. முடிவில் எல்லோருக்கும் ஒரே பேச்சு: “வெளிய வராத, நல்லா ரெஸ்ட் எடு.”

அவர்களில் ஒருத்தி பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தவள். அதற்கு முந்தைய வருடம் அவளுக்கு மூன்றாம் மாதத்திலேயே கரு கலைந்திருந்தது. இது இரண்டாவது கர்ப்பம். கம்பெனியை மூடியதும் வீட்டோடு இருந்தாள். எப்போது கூப்பிட்டாலும் உடனே எடுத்துவிடுவாள். “நீங்க சொன்னாப்புலயே இருக்கேன்க்கா” என்பாள். எல்லோரும் இவளைப் போல இருந்தால் என் வேலை எவ்வளவு சுலபம் என்று நினைத்துக்கொள்வேன்.

கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்த பிறகு, ஏழாம் மாதத்தில் அவளைப் பார்க்க வீட்டுக்கே போனேன். ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாமியார் ஒரு கிண்ணத்தில் எண்ணெயைச் சூடு பண்ணி வைத்துக்கொண்டு, அவளுடைய இடது காலில் தேய்க்க ஆரம்பித்திருந்தார்.

“உக்காந்தே கெடந்து கால் மரத்துப் போச்சு நர்ஸம்மா. ரெண்டு நாளா வலிக்குதுங்கிறா” என்றார்.

கர்ப்பத்தில் கால் வீங்குவது சகஜம்தான். ஆனால் அவளுக்கு வலது கால் வீங்கவே இல்லை. வயிற்றை அளக்கிற டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தேன். இடது கால் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பெருத்திருந்தது. தொட்டால் சூடாக இருந்தது.

“தேய்க்காதீக, கைய எடுங்க!” நான் போட்ட சத்தத்தில் அந்த அம்மா பயந்து கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டார்.

எத்தனை நாளாக இப்படியே இருக்கிறாய் என்று அவளிடம் கேட்டேன்.

“நீங்க சொன்னதுலருந்து. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. பாத்ரூமுக்கு மட்டும்தான் எறங்குவேன். சோறுகூட அத்தை இங்கனதான் கொண்டாந்து குடுக்காக. அசையவே இல்லக்கா.” நல்ல மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி சொன்னாள்.

டாக்டருக்குப் போன் செய்தேன். 108-க்கும் சொன்னேன். வண்டி வர அரை மணி நேரம் ஆனது. அதற்குள் தகவல் கேட்டு அவள் கணவர் ஓடி வந்தார்.

“நீங்கதான மேடம் ரெஸ்ட் எடுக்கச் சொன்னீக?”

கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். வாசலைத் தாண்டாதே என்று நினைத்துத்தான் நான் சொன்னேன். கட்டிலை விட்டு இறங்காதே என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிள்ளையை இழந்த வீடு வேறு எப்படி எடுத்துக்கொள்ளும்? வீட்டுக்குள் நட, சின்னச் சின்ன வேலை செய் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருந்தது. கர்ப்பத்திலேயே அதற்கு வாய்ப்பு உண்டு, அசையாமல் கிடந்தது அதைக் கூட்டிவிட்டது என்றார் டாக்டர். தேய்த்த தேய்ப்பில் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார். அன்றிலிருந்து தினமும் ஊசி.

வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கோ காலைக் கீழே வைக்கவே பயம். தினமும் காலையில் போன் செய்து, “நீ அங்கன நட, நான் இங்கன நடக்கேன்” என்றேன். அவள் அந்த ஒற்றை அறைக்குள், நான் என் வீட்டு மொட்டைமாடியில். நாலாம் நாள் சிரித்துவிட்டாள்.

“யக்கா, நான் நல்லாத்தான் நடக்கேன். உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது.”

உண்மைதான். போனும் ரிஜிஸ்டருமாக நானும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்த மாதங்கள் அவை.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். என் மேல் யாரும் புகார் சொல்லவில்லை. நடந்ததை நானே போய் எங்கள் சுகாதார நிலைய டாக்டரிடம் சொன்னேன். “இனிமே அதையும் கேளுங்க சிஸ்டர்” என்றார். அவ்வளவுதான். இப்போது கர்ப்பிணி யாரிடம் பேசினாலும், “இன்னைக்கு எம்புட்டு நடந்த?” என்று முதலில் கேட்கிறேன்.

அவள் என் பேச்சை அவ்வளவு ஒழுங்காகக் கேட்காமல் இருந்திருந்தால் ஒருவேளை அவளுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது என்கிற நினைப்பு மட்டும், இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகவில்லை.