பழுதாக்கச் சொன்ன ரீச்சர்

தொழிற்பயிற்சி ஆசிரியராக எங்களைத் தயார்செய்த வகுப்பில் புத்தாக்கப் புள்ளி என்றால் ரெஜிபோம், அந்த வெள்ளை நுரை அட்டை. அதை வெட்டி, ஒட்டி, மினுங்கும் தூள் தூவி மேசையில் வைத்தால் இருபதுக்குப் பதினைந்து நிச்சயம். நானும் அப்படித்தான் வைத்தேன். வெட்கம் என்ன, எனக்கு வேலை வேண்டியிருந்தது.

என்னோடு படித்த ஸ்கந்தபுரம் பிரேமிளாவுக்கும் வேண்டியிருந்தது. சிறு இயந்திரத் திருத்தம் அவளுடைய பாடம். போன வருடம் புத்தாக்கத்தில் கோட்டைவிட்டவள். இந்த முறையும் தவறினால் நியமனம் இல்லை. அம்மா வீரம்மாவோடு மிளகாய்த் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். அப்படியிருந்தும் அவள் கொண்டுவந்தது வீட்டிலிருந்த தண்ணீர் இறைக்கும் மெசினை மட்டும்தான்.

அவளுடைய பயிற்சிப் பாடத்தை மதிப்பிட வந்தவர் தயாபரன் சேர். அவருக்கு முன்னால் அவள் மாணவர்களிடம் சொன்னாள்:

"மெசின் இப்ப நல்லா ஓடுது. ஒரு குழு இதில ஒரு பழுதை ஒளிச்சு வையுங்கோ. மற்றக் குழு கண்டுபிடிக்க வேணும். நானும் பாக்க மாட்டன்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

"உம்மட கற்பித்தல் சாதனம் எங்க பிள்ளை?" என்றார் சேர்.

"இதுதான் சேர்."

"பழுதாக்கவோ படிப்பிக்கிறீர்?"

புள்ளித் தாளின் புத்தாக்கக் கட்டத்தில் சைபர் போட்டார். பக்கத்தில் இருந்த நான் கண்டேன்.

முதற் குழு பழுதை ஒளித்து வைத்த பிறகு மெசின் ஸ்டார்ட் ஆகி மூன்று நிமிடம் ஓடி நின்றது. மற்றக் குழுவினர் பிளக்கைக் கழற்றித் துடைத்தார்கள். எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தார்கள், மண்ணெண்ணெய் நிறைய இருந்தது. திரும்பவும் ஓடி, திரும்பவும் நின்றது. பிரேமிளாவும் குனிந்து தேடினாள்.

"எனக்கும் பிடிபடேல்ல," என்றாள். மதிப்பிட வந்தவருக்கு முன்னால்! அடி விசரி என்று மனதுக்குள் திட்டினேன்.

தயாபரன் சேர் கதிரையை விட்டு எழும்பினார். "தள்ளுங்கோ, நான் பாக்கிறன்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு முழங்காலில் இருந்தார். மணி அடித்தது, ஒருவரும் அசையவில்லை. கடைசியில் எண்ணெய்த் தாங்கியின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் காற்றுத் துளைக்குள் கைகழுவும் சவர்க்காரம் அடைத்திருந்தது. காற்றுப் புக வழியில்லாமல் எண்ணெய் இறங்காமல் நின்றிருக்கிறது.

"ஆர் செய்தது?"

முதற் குழுவிலிருந்த மாணவி டக்சாயினி கையை உயர்த்தினாள். "எங்கட வீட்டு மெசின் உப்பிடித்தான் நிண்டது சேர். ஓட்டைக்குள்ள குளவி மண் வைச்சிருந்தது. மூண்டு நாளா ஒருத்தருக்கும் விளங்கேல்ல."

"இருபது வருசமாப் படிப்பிக்கிறன். எனக்கே தண்ணி காட்டிப்போட்டியே!"

சிரித்துக்கொண்டே, எண்ணெய்க் கையோடு புள்ளித் தாளை எடுத்தார். அந்தச் சைபரை வெட்டவில்லை. அதற்கு முன்னால் ஒரு இரண்டைப் போட்டார்.