நாலு நூல் இடைவெளி

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, கொழும்பில், வெள்ளவத்தை மரைன் டிரைவில் நடந்தது இது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால், பெற்றோல் மணக்கிறதா என்று என் மூக்கு தானாகத் தேடும்.

எனக்குக் கார்ப் பைத்தியம். பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கார் ஒன்றை லண்டனில் இருக்கும் அண்ணா பெட்டிகளில் அடைத்து அனுப்பியிருந்தார். பழைய கார் ஒன்றின் அடிச்சட்டத்தில் அதைப் பூட்டி முடிக்க ஒன்றரை வருடம் பிடித்தது. எல்லாம் சரி, பொனட் மட்டும் மனதுக்குப் பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. எனக்கு வேண்டியது அந்தக் காலத்துக் கார்களில் இருக்குமே, நீளமாக, பக்கங்களில் மீன் செவுள் போல வெட்டுகள் விட்டு, மேலே தோல் பெல்ட் போட்டு இறுக்கிய பொனட். அதைச் செய்து தரக் கொட்டாஞ்சேனையில் டிங்கரிங் பாஸ் ஒருவரை, அதாவது தகட்டு வேலைக்காரரை, பிடித்தேன். தகடு எதைக் கொடுத்தாலும் தட்டித் தட்டி நினைத்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

நான் யாழ்ப்பாணத்தான். கொழும்புக்கு வந்து இருபது வருடமாகியும் என் சிங்களம் நொண்டிச் சிங்களம்தான். ஆனாலும் கடை, கந்தோர், கராஜ் எங்கே நுழைந்தாலும் வாய் முந்திக்கொண்டு சிங்களத்துக்குப் பாயும். யுத்தகாலச் சோதனைச் சாவடிகளில் வந்த பயம் பழக்கமாகி ஒட்டிக்கொண்டுவிட்டது. முதல் நாள் பாஸ் யாருடனோ சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருந்தார். நானும் சிங்களத்திலேயே ஆரம்பித்தேன். இரண்டு மாதம் அப்படியே ஓடியது.

ஒரு நாள் கந்தோரில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது பாஸ் கோல் எடுத்தார். இன்ஜினுக்கும் பொனட்டின் உள்தகட்டுக்கும் நடுவே எத்தனை நூல் இடைவெளி விடவேண்டும் என்று கேட்டார். எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். சிங்களத்திலும் நூல் நூல்தான், அதில் பிரச்சினை இல்லை. இன்ஜின் ஓடும்போது குலுங்கும், ஏழு நூலாவது வேண்டும் என்று காரோடு வந்த புத்தகத்தில் இருந்தது. சிங்களத்தில் ஏழுக்கு ‘ஹத்த’, நாலுக்கு ‘ஹத்தர’. இந்த இரண்டும் எனக்கு எப்போதும் குழம்பும். அன்றைக்கும் குழம்பியது. “ஹத்தர” என்றேன். “ஹத்தரத?” என்று பாஸ் திருப்பிக் கேட்டார். இன்னொரு தரமும் கேட்டார். எதிரே மேலதிகாரி முறைக்கிறார், எனக்கோ எரிச்சல். “ஓவ், ஓவ், ஹத்தர!” என்று ஆமாம் சொல்லிச் சீறிவிட்டு போனை வைத்தேன்.

சனிக்கிழமை கார் வீட்டுக்கு வந்தது. பொனட்டைப் பார்த்து வாயைப் பிளந்தேன். கறுப்பு வர்ணத்தில் முகம் தெரிந்தது. வெளியே தடவித் தடவிப் பார்த்தேனே தவிர, திறந்து உள்ளே பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை மகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. “முதல்ல தனியப் போய் ஓடிப் பாருங்கோவன். பிள்ளையை ஏன் ஏத்துறியள்?” என்று மனைவி வாசல் வரைக்கும் வந்து சொன்னாள். நான் எங்கே கேட்டேன்!

பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது மகள் மூக்கைச் சுளித்தாள். “அப்பா, பெற்றோல் மணக்குது.”

“புதுசெல்லோ பிள்ளை, அப்பிடித்தான் மணக்கும்” என்றேன். எனக்கும் மணந்ததுதான். ஆனால் ரோட்டில் நின்றவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் காரை நிறுத்த மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சத் தூரம், இன்னும் கொஞ்சத் தூரம் என்று ஓட்டினேன். திடீரென்று அந்தச் செவுள்களால் வெள்ளைப் புகை வந்தது. பக்கத்தில் வந்த முச்சக்கரவண்டிக்காரர் கையை ஆட்டி, “பெற்றோல்! பெற்றோல்!” என்று கத்தினார்.

ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினேன். மகளின் சீட் பெல்ட்டைக் கழற்றப் போனால் கழலவில்லை. அந்தப் பெல்ட்டை நானேதான் பூட்டினேன். எங்கே அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? கை சொன்னதைக் கேட்கவில்லை. அவள் அழவும் இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முருகா, முருகா என்றதைத் தவிர எனக்கு வேறொன்றும் வரவில்லை. முச்சக்கரவண்டிக்காரர் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டு, ஒரே அழுத்தில் பெல்ட்டைக் கழற்றி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்துவிட்டார். நானும் பின்னால் ஓடினேன். இப்போது பிடிக்கும், இப்போது பிடிக்கும் என்று காரைப் பார்த்தபடி நின்றோம். நல்ல காலம், தீப்பிடிக்கவில்லை. புகை மெல்ல மெல்ல அடங்கியது.

பயம் போனதும் கோபம் வந்தது. பாஸுக்கு கோல் எடுத்து, வாயில் வந்த சிங்களமெல்லாம் கொட்டித் தீர்த்தேன். என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தாயா என்றும் கேட்டேன். அவர் எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

முக்கால் மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பொனட்டில் கை வைத்துச் சூடு பார்த்தார், தோல் பெல்ட்டைத் தளர்த்தித் திறந்தார், பட்டரி வயரைக் கழற்றினார். இன்ஜின் குலுங்கும்போதெல்லாம் மேலே போகிற பெற்றோல் குழாய் உள்தகட்டின் விளிம்பில் உரசி, கத்தி வைத்த மாதிரி அறுந்திருந்தது. அந்த விளிம்புக்குப் பக்கத்தில், வர்ணம் பூசாத அலுமினியத்தில், மார்க்கரால் எழுதியிருந்தது: ‘4 நூல்’. தமிழ் எழுத்தில்.

திரும்பி அவரைப் பார்த்தேன். “பாஸ், நீங்கள் தமிழோ?”

“ஆமா சேர். அப்பா ஹட்டன் பக்கம், நான் பொறந்து வளந்ததெல்லாம் கொட்டாஞ்சேன.”

“ஏன் ஒரு நாளும் சொல்லேல்லை?”

“நீங்க பேசுறதுலயே தமிழ்னு தெரிஞ்சிச்சு. ஆனா மொத நாளே சிங்களத்துல ஆரம்பிச்சீங்க. தமிழ்ல பேசினா ஒங்களுக்குப் பிடிக்காதோன்னு நானும் விட்டுட்டேன். நாலு கம்மியாச்சேன்னுதான் ரெண்டு தடவ கேட்டேன், நீங்க கோவப்பட்டீங்க.”

அந்த ரோட்டில் என் மானம் கப்பலேறியது. நான் சொல்ல வந்தது ஏழு என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். “நான் இன்னொரு தடவ தமிழ்ல கேட்டிருக்கணும் சேர்” என்றார். பிழை முழுவதும் என்னுடையது, பழியை ஏற்றுக்கொண்டது அவர். பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். வேண்டாம் சேர், வேண்டாம் என்றாரே தவிர, நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்தகட்டை அவரே திரும்பத் தட்டி ஏழு நூலாக்கித் தந்தார். கார் இப்போது நன்றாக ஓடுகிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் பொனட்டைத்தான் புகழ்கிறார்கள். எனக்கோ, ‘ஏழு’ என்ற ஒரு சின்னச் சொல்லைத் தமிழில் சொல்லக் கூசியதற்கு என் பிள்ளையையே கொடுக்கப் பார்த்தேனே என்ற நினைப்புத்தான் வருகிறது.