பொகவந்தலாவையில் நான்காவது காது

செவ்வாய். கொழும்பு கோட்டையில் காலை எட்டரை மணி ரயிலில் ஏறினேன். நாகர்கோவிலிலிருந்து வந்த எங்கள் குழுவில் மற்றவர்கள் வேனில் போய்விட்டார்கள். காது அறுவைக்கான நுண்ணோக்கி இரண்டு பெட்டிகளில் இருந்தது. அதற்கு வேனில் இடம் கிடைத்தது, எனக்கு ரயில் வாய்த்தது.

குழு என்றால் மூன்றே பேர். காது நிபுணர் ஜெபசிங், அவருடைய நர்ஸ் கிரேஸ், நான். ஜெபசிங் என் பள்ளித் தோழர். வருடத்தில் ஒரு வாரம், திருச்சபை அழைக்கும் இடத்துக்குப் போய்ச் சம்பளமில்லாமல் அறுவை செய்துவிட்டு வருவார். நான் கிறிஸ்தவனும் இல்லை, மருத்துவமும் தெரியாது. சும்மா வருகிறவனுக்கும் ஒரு வேலை வேண்டுமே என்று நோயாளிகள் பட்டியலை என்னிடம் கொடுத்திருந்தார்.

வட்டவளை தாண்டியதும் ஸ்வெட்டரைத் தேட வேண்டியதாயிற்று. ஒரு பொட்டலம் இறால் வடை நூற்றைம்பது ரூபாய். ஹட்டனில் இறங்கியபோது இரண்டு மணிக்கு மேல். அங்கிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்கு ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். பேருந்து ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. வளைவுகளில் நான் யார் யார் மடியிலோ விழுந்தேன். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்கள் பேச்சில் மதுரைப் பக்கம் கேட்டது. கடல் தாண்டி வந்த உணர்வே போய்விட்டது.

புதன். தேயிலைத் தோட்டம் ஒன்றில் மூடிக் கிடந்த பழைய ஆஸ்பத்திரியைச் சபையார் வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். காலையில் போதகர் ஜெபம் செய்தார். பிறகு மாலை வரை ஜெபசிங் காதுகளுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுபது பேருக்கு மேல். எல்லோர் தலையிலும் துண்டோ கம்பளித் தொப்பியோ இருந்ததால் ஒரு முகமும் என் மனதில் தங்கவில்லை. எட்டுப் பேரைத் தேர்ந்து, வியாழன் நான்கு, வெள்ளி நான்கு என்று பட்டியல் போட்டோம்.

வெள்ளி, காலை ஏழு மணி. கடைசி நாள். பிற்பகல் நான்கு மணிக்கு வேன் கொழும்புக்குக் கிளம்ப வேண்டும், இரவு விமானம். வராந்தாவில் நின்று பெயர் கூப்பிட்டேன். இரண்டாவது பெயர் சாந்தி, வயது இருபத்தாறு. "ஆமாங்க" என்று ஒரு பெண் முன்னால் வந்தாள். பெயருக்கு நேரே ஒரு சரி போட்டேன். நான் செய்த மருத்துவச் சேவை மொத்தமும் அவ்வளவுதான், அதையும் தப்பாகச் செய்திருந்தேன்.

ஒன்பது மணிக்கு அவளை உள்ளே அழைத்தார்கள். பச்சை அங்கி போட்டாயிற்று. ஊசி போடும் முன் ஜெபசிங் வழக்கம்போல அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஓர் எண்ணை முணுமுணுத்தார். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

"இருவத்தேழுங்க" என்றாள் உடனே.

அவர் இன்னும் தணித்து முணுமுணுத்தார்.

"நாப்பத்தொண்ணுங்க."

ஜெபசிங் என்னைப் பார்த்தார். "ஜெபத்துக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் வந்து நான் பார்த்ததில்லடே."

காதுக்குள் பார்த்தார். செவிப்பறை முழுசாக, ஒரு கீறல் கூட இல்லாமல் இருந்தது. விசாரித்ததில் அவள் சாந்தி இல்லை, சாந்தியின் அக்கா மல்லிகா என்று தெரிந்தது.

"தங்கச்சி பின்னாடி வாறா டொக்டரய்யா" என்றாள். "புள்ளக்காம்பரால வேல பாக்குறா. அவளுக்குப் பதில் ஆள் வந்தாத்தானே எறங்க முடியும். பெரட்டுல பேரு கூப்பிடையில ஆள் இல்லாட்டி பேர வெட்டிருவாங்க. லேட்டா போனா அரைப்பேருதான் போடுவாங்க. ஒப்பரேசனும் அப்பிடி அரைவாசியில விட்டுட்டா என்ன செய்யிறதுன்னு நான் வந்து பேரக் குடுத்துட்டேன்."

பெரட்டு என்பது காலையில் ஆள் எடுக்கும் இடம். அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. வாழ்நாள் முழுக்க அங்கே நின்று பெயர் கொடுத்தவள், இங்கேயும் அதே சட்டம்தான் என்று நினைத்துவிட்டாள். ஊசி வரைக்கும் உட்கார்ந்திருந்தாயே என்று கிரேஸ் கேட்டதற்கு, "எந்திரிச்சா எடம் போயிருமே நர்சம்மா" என்றாள்.

ஜெபசிங்குக்குக் கோபம் வந்தது, ஆனால் யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. பட்டியலில் அடுத்திருந்த இருவரையும் முதலில் முடிப்பதாகச் சொன்னார். பன்னிரண்டரைக்குள் சாந்தி வந்தால் செய்வார். அதற்குப் பிறகு என்றால் அடுத்த வருடம்தான்.

வராந்தாவில் காத்திருந்தபோது மல்லிகா மீதியைச் சொன்னாள். புள்ளக்காம்பரா என்பது தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். சாந்திக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு காதிலும் சீழ். போன மாதம் ஒரு குழந்தை படியில் விழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் அலறியிருக்கிறது. அவள் திரும்பவே இல்லை. தாய்மார் ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டார்கள். காது சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போடுவார்களாம்.

"புள்ளைங்கன்னா அவளுக்கு உசுரு சேர். மலைக்கு அனுப்பினாப் போவா. ஆனா செத்துப்போவா" என்றாள்.

பத்தே முக்கால் வரை பேருந்து வரவில்லை. என் பேனா போட்ட சரி என் மனதை அறுத்துக்கொண்டிருந்தது. ரவி என்பவருடைய மூவீலர் ஆட்டோவை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பேசி மல்லிகாவையும் ஏற்றிக்கொண்டேன். அவர்கள் தோட்டம் பதினொரு கிலோமீட்டர் மேலே.

"ரோட்டப் பாத்தீங்களா சேர்? எலக்சனுக்கு எலக்சன் அளந்துட்டுப் போவாங்க" என்றார் ரவி. "அளந்து அளந்தே தேஞ்சிருச்சு."

எட்டாவது கிலோமீட்டரில், எங்களுக்கு எதிரே வரவேண்டியவள் வரவில்லையே என்று நான் கவலைப்பட்ட நேரத்தில், மல்லிகா பின்னால் எட்டிப் பார்த்துக் கத்தினாள். தேயிலைக்குள்ளிருந்து வரும் குறுக்குப் பாதையில் இறங்கிய ஒரு பெண் எங்களைக் கவனிக்காமல் பொகவந்தலாவைப் பக்கம் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள். ரவி வண்டியைத் திருப்பி அவள் பின்னால் போய் ஹார்ன் அடித்தார். நடு ரோட்டில் நடந்தவள் விலகவில்லை. மறுபடி அடித்தார். மூன்று கெஜ தூரத்தில் அந்தச் சத்தம் எனக்கே காதைக் குடைந்தது. மல்லிகா குதித்தோடித் தோளைத் தொட்ட பிறகுதான் சாந்தி திரும்பினாள். திடுக்கிட்ட முகத்தை அவள் உடனே சிரிப்பாக மாற்றிக்கொண்டதைப் பார்த்தேன். அதுவரை இந்தப் பயணத்தை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே எனக்கு வெட்கமாக இருந்தது.

பதில் ஆள் வரப் பதினொன்று ஆகிவிட்டதாம். பேருந்தை நம்பாமல் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தோம். ஜெபசிங் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பார்த்தார். பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

இந்த அறுவைக்கு மயக்கம் கொடுப்பதில்லை, காதைச் சுற்றி மட்டும் மரக்க வைப்பார்கள். காதுக்குப் பின்னால் வெட்டி மெல்லிய சவ்வு ஒன்றை எடுத்துச் செவிப்பறையின் ஓட்டையை அடைக்கிறார்கள். மூலையில் முகக்கவசத்தோடு நின்று பார்த்தேன். நேரம் நிறையப் போனது. ஜெபசிங் கையைத் தவிர அறையில் எதுவும் அசையவில்லை. இரண்டேகாலுக்கு அவர், "வச்சாச்சு" என்றார்.

உடனே துணிக்குக் கீழிருந்து சாந்தியின் குரல் வந்தது.

"டொக்டரய்யா, புள்ள அழுவுது."

ஜெபசிங்கின் கை நின்றது.

"எங்கேயோ புள்ள அழுவுது. யாராச்சும் தூக்குங்களேன்."

வெளியே ஒரு குழந்தை அழுதுகொண்டுதான் இருந்தது. அரைமணி நேரமாக அழுதது. மருந்து வாங்க வந்த யாருடையதோ. என் காதிலும் விழுந்தது, கிரேஸ் காதிலும் விழுந்தது. எங்கள் இருவருக்கும் செவிப்பறையில் ஒரு குறையும் கிடையாது. நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். மல்லிகா ஏற்கெனவே அந்தக் குழந்தையை மடியில் வைத்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு காதில் பஞ்சு அடைத்துக் கட்டுப் போட்டார்கள். மூன்று வாரம் கழித்து அதைப் பிரிக்கும்போதுதான் எவ்வளவு தேறியது என்று தெரியும், போதகர் எழுதுவார் என்று ஜெபசிங் சொன்னார். கட்டுப் போட்டதும் சாந்திக்கு மறுபடி எதுவும் சரியாகக் கேட்கவில்லை. நான்கு மணிக்கு வேனில் ஏறும் முன் விடைபெறப் போனேன். நுண்ணோக்கியோடு இந்த முறை எனக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். நன்றாயிரு என்று ஏதோ சொன்னேன். அவள் என் உதட்டையே பார்த்துவிட்டு, கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில் கேட்டாள்:

"அந்தப் புள்ளயத் தூக்கினாங்களா சேர்?"

தூக்கிவிட்டார்கள் என்று தலையை ஆட்டினேன். அதன் பிறகுதான் அவள் கண்ணை மூடிப் படுத்தாள்.