பாலைவனத்தில் ஒரு குடிபூரல்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பாவுக்குத் திடீரென்று ஊர்சுற்றும் ஆசை பிடித்தது. அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளடங்கிய காம்பர் வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து, லண்டனிலிருந்து ஸ்பெயினின் தெற்கே இருக்கும் பாலைவனம் வரை ஓட்டிக்கொண்டு போனார். அப்போது நாங்கள் லண்டன் பிளேஸ்டோவில், பெரியப்பா வீட்டு மேல்மாடி அறையில் இருந்தோம். பெரியம்மா தங்கமான மனுசி. ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அவர் சமைத்து, அடுப்பைத் துடைத்து முடித்த பிறகுதான் அம்மா குசினிக்குள் போவார்.

வழியெல்லாம் பெற்றோல் ஸ்டேஷன்களில் படுத்தெழும்பி, கடைசியில் இப்படியான வான்கள் தங்கும் ஒரு காம்ப்சைட்டுக்கு வந்து சேர்ந்தோம். சுற்றிவரக் காய்ந்த மண்குன்றுகள். நடுவில் ஒரு நீச்சல் குளம். என் கண் அதில்தான். அப்பா சில்லுகளுக்குக் கட்டை வைத்து, மின்சார வயரைக் கொழுவி, துணிப்பந்தலை இழுத்துவிட்டு, “இறங்குங்கோ” என்றார். அம்மா இறங்கவில்லை. வானைக் கூட்டித் துடைத்தார். பிள்ளையார் படத்தை ஜன்னலோரம் வைத்தார். பையிலிருந்து, விலைச்சீட்டுக்கூட உரிக்காத ஒரு புதுச் சட்டியை எடுத்தார்.

“புது வீட்டுக்குக் குடிபோனால் முதல் பால் காய்ச்ச வேணும்.”

“ஒரு கிழமையிலை திருப்பிக் குடுக்கிற வானுக்குக் குடிபூரலோ? உமக்கென்ன விசரே?”

“ஓம், விசர்தான். எனக்கெண்டு ஒரு வீட்டிலை ஒருக்காவெண்டாலும் காய்ச்ச வேணும்.” அம்மா சட்டியைக் கீழே வைக்கவில்லை.

அப்பா செருப்பை மாட்டினார். கொளுத்தும் வெயிலில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். காம்ப்சைட் கடை மத்தியானத்துக்குப் பூட்டியிருந்தது. லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் இருந்தவர் அவர். பக்கத்து வானில் இருந்த ஜெர்மன்காரியிடம் அவளுடைய பாஷையிலேயே பால் கேட்டார். என்ன காரணம் சொன்னாரோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அவள் ஒரு சின்னப் பெட்டி பாலைத் தந்து, ஐயோ பாவம் என்பது மாதிரி என் கன்னத்தைத் தடவினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பால் எழும்பி, சட்டியின் விளிம்பு தாண்டி, அடுப்பை அணைத்துத் தரைவிரிப்பு வரை ஓடியது. பிஸ்கட் தூள் சிந்தினாலே “வாடகை வான், வாடகை வான்” என்று கத்திய அப்பா, தோளில் கிடந்த துவாயால் தானே துடைத்தார். கும்பிட்டபடி நின்ற அம்மா அழுதார், பிறகு சிரித்தார். பால் பொங்கினதற்கு யாராவது அழுவார்களா? நான் குழம்பிப்போனேன்.

பாலைக் குடித்த பிறகு அம்மா வான் கதவைப் பூட்டினார். திறந்தார். திரும்பவும் பூட்டினார்.

“ஆரம்மா இஞ்சை வரப்போகினம்?”

“ஒருத்தரும் வரமாட்டினம், பிள்ளை” என்றார், அவ்வளவு சந்தோஷமாக.

பிளேஸ்டோவுக்குத் திரும்பியபோது பெரியம்மா வாசலிலேயே கேட்டார்: “என்ன பாத்தனீங்கள், சொல்லுங்கோ!” பால் கதையைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“ஒண்டுமில்லை அக்கா. வெறும் மண்ணும் வெயிலும்தான்.”

மேலே போனதும் சட்டியைப் பழைய பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

“ஏன் அம்மா, இதிலை சமைக்கேலாதோ?”

“இஞ்சை வேண்டாம்.”

எவ்வளவு வடிவான புதுச் சட்டி! அதைப் போய் ஏன் ஒளிக்க வேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவேயில்லை.