தாய்க்கரடியின் படம்

எனக்கு எண்பத்திரண்டு வயது. நாலு பிள்ளையளை வளர்த்தனான். டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் எண்ட ஊருக்கு நாங்கள் அகதியாய் வந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த பிள்ளையளைக் கூப்பிட விடாமல் அந்த நாட்டு அரசாங்கம் இழுத்தடிச்சது.

அப்ப பக்கத்து வீட்டு டேனிஷ்காரர், என்னையும் இன்னும் சிலபேரையும் கோப்பிக்குக் கூப்பிட்டு, அலாஸ்காவில் தான் எடுத்த கரடிப் படங்களைச் சுவரில் காட்டினார். தாய்க்கரடி ஆற்றில் சால்மன் மீன் பிடிக்க, குட்டியள் கரையில் பாத்துக்கொண்டு நின்றன.

"கிட்டப் போகேல்லை. குட்டியள் பயந்து தாயை விட்டு ஓடினால் பாவமெல்லோ," என்றார். வந்திருந்த எல்லாரும் தலையாட்டினார்கள்.

எனக்குப் பத்தியெரிஞ்சது. "அப்ப என்னையும் ஒரு படம் எடுங்கோ. குட்டியள் பக்கத்தில் இல்லாத தாய்!" என்று தெரிஞ்ச டேனிஷில் சொன்னன்.

"நான் அதை யோசிக்கேல்லை," என்றார்.

"இனியாவது யோசியுங்கோ." கோப்பியைத் தொடாமல் எழும்பி வந்தன்.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா வாசி பிள்ளை. என்ரை கோபத்தைக் குறைச்சுக் கிறைச்சு எழுதிப்போட்டியோ பாப்பம்.